இரண்டு பெட்டி, ஒரு நாற்காலி

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘துருவி’ என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் வருவதோடு சரி. பட்டப்பெயரை வைத்தது யாரோ தெரியாது, வைத்த வாய்க்குச் சர்க்கரை போடலாம், அவ்வளவு பொருத்தம். கூரை விளக்கு சிமிட்டினால் ஏன் சிமிட்டுகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கீழே மெத்தைக் கடைக்காரர் இன்று ஏன் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கியிருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும். “உனக்கெதுக்கு இந்த ஊர் வம்பு?” என்று கேட்டால், “சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்” என்பாள். அந்தச் சும்மாதான் அவளுக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது.

வேலை, வீடியோ கேம் சோதிப்பது. மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கேம் செய்யும் சின்னக் கம்பெனி. செய்யச் செய்ய தினமும் விளையாடிப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று சொல்வது அவள் பாடு. “விளையாடறதுக்குச் சம்பளமா? கொடுத்து வெச்சவங்க!” என்று அக்கம்பக்கத்தில் பெருமூச்சு விடுவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? விளையாடுகிறவர்கள் கதவு வழியாகப் போவார்கள். இவள் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் போய் முட்டுவாள். காலையிலிருந்து மாலை வரை நேராக, குறுக்காக, குதித்தபடி, பின்பக்கமாக என்று முட்டிக்கொண்டே இருப்பாள். எப்போதாவது ஒரு முட்டில் சுவர் வழிவிடும், ஆள் நேரே பாதாளத்தில் விழும். அப்போது துருவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதையல் எடுத்தவள்கூட அவளிடம் தோற்றுப்போவாள்.

பக்கத்து மேஜையில் அவள் புருஷன். அவருக்கும் அதே வேலை. அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘நிதானம்’. தலையில் இடியே விழுந்தாலும், எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆனால் கண் இருக்கிறதே, அது பருந்துக் கண். அவள் முட்டி மோதிக் கண்டுபிடிப்பதை அவர் சாய்ந்து உட்கார்ந்தபடி பார்த்தே கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த குறையைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும், ‘பக் போடுவது’ என்று அவர்கள் பேச்சு. அங்கேதான் ஐயாவுக்குக் கை வராது.

ஒருத்தர் வேலைக்கு இரண்டு டெஸ்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளில் பேர் போன கம்பெனிகள் இரண்டு. ஒன்றின் பெட்டி கறுப்பு, மற்றதின் பெட்டி வெள்ளை. ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாது. ஆகவே ஒரே கேமை இரண்டுக்கும் தனித்தனியாகத் தைக்க வேண்டும், தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். வெள்ளைப் பெட்டி துருவிக்கு, கறுப்புப் பெட்டி நிதானத்துக்கு. பாதி மூழ்கிய ஊர் ஒன்றில் ஒரு பெண் படகில் போய்த் தபால் கொடுக்கிறாள், அதுதான் கேம். இரண்டு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பெட்டியில் அந்த ஊரைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடியேய், இங்க கோழி ஒண்ணு தபால் பைக்குள்ள போய் உட்காருது, வெளியவே வரமாட்டேங்குது. உன் பக்கம்?”

“இருங்க பார்க்கறேன். ஆமா, இங்கயும் போயிடுச்சு!”

“அப்ப நீயே போட்டுடு.”

அவள் போட்டுவிடுவாள். எந்தப் பெட்டி என்று கேட்கும் இடத்தில் ‘வெள்ளை’ என்று போடுவாள், அவள் பெட்டி அதுதானே. கறுப்புக்கு அவர் போட்டுக்கொள்வார் என்று அவள் நினைப்பு. அவள் போட்டால் இரண்டுக்கும் போட்ட மாதிரிதான் என்று அவர் நினைப்பு. இது இரண்டு வருஷமாக நடந்தது. புருஷன் பெண்டாட்டியாக இல்லாமல் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் ஒரு தடவையாவது சரிபார்த்திருப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். முதலாளி என்றால் தொப்பையும் தோரணையுமாக யாரோ என்று நினைக்காதீர்கள். இவர்களைவிட வயதில் சின்னவர், ஒல்லி, கவலை வந்தால் பேனா மூடியைக் கடிப்பவர். அன்று மூடி பாதி காலி.

“நம்ம கேமை ஒரு பெட்டிக் கம்பெனி கேட்டிருக்காங்க. அவங்க பெட்டியில மட்டும்தான் வரணும். ஒரு வருஷத்துக்கு அடுத்த பெட்டிப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. அதுக்கு நல்ல தொகை தர்றாங்க. வாங்கலைன்னா கேம் முடியறதுக்குள்ள நாம முடிஞ்சிடுவோம்.”

“எந்தக் கம்பெனி சார்?” வேறு யார், துருவிதான்.

“கையெழுத்து ஆகற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு கண்டிஷன். கேட்காதீங்க.” பிறகு அவர் இந்த இரண்டு பேரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு பெட்டின்னா ஒரு டெஸ்டர்தான் வெச்சுக்க முடியும். மன்னிச்சுக்கங்க.”

கறுப்பு என்றால் அவர் வேலை தங்கும், அவள் வேலை போகும். வெள்ளை என்றால் மாறி நடக்கும். வீட்டில் இரண்டு சம்பளம் ஒன்றாகும், அது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை துருவிக்கு வேறு. அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளப் பிடிக்கவும் பிடிக்காது. சுவரில் முட்டாத ஒரு நாளை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இருந்தாலும் பாருங்கள், ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து அவள் மூளை கடைசியில் எங்கே போய் நின்றது என்றால், வேறொரு கேள்வியில். முதலாளியைக் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் மடக்கினாள்.

“சார், ஒரு சந்தேகம். கேம் வர்றதுக்குக் காசு கொடுக்கறது சரி. அடுத்தவன்கிட்ட வராம இருக்கறதுக்கு ஒருத்தன் ஏன் காசு கொடுக்கணும்?”

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பெட்டி ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க. கடையில நிக்கறவன் எதை வாங்கலாம்னு முழிப்பான். இந்த கேம் இதுல மட்டும்தான்னு சொன்னா, கை அந்தப் பக்கம் போகும். ஒரு கேமுக்காகப் பெட்டி, அப்புறம் பெட்டிக்காக மத்த கேம் எல்லாம்.”

“அடேயப்பா! அப்ப நம்ம தபால்காரிதான் தூண்டில் புழுவா?”

“புழுன்னு வெளிய சொல்லிடாதீங்க.”

அது புரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது எந்தப் பெட்டி என்பதுதான். வீட்டில் சாப்பிடும்போது அதே பேச்சு.

“அவங்க எந்தப் பெட்டின்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?”

“வந்தா தெரிஞ்சிடப் போகுது” என்றார் நிதானம், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“எப்படித்தான் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருக்கீங்களோ!”

அவர்கள் மகள் பத்தாம் வகுப்பு. வீடியோ கேம் என்றாலே அவளுக்கு வேப்பங்காய். பெற்றோர் இரண்டு பேரும் வீட்டிலும் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் வேறு எப்படி இருக்கும்? “ரெண்டுல ஒரு பெட்டி வீட்டை விட்டுப் போகும்னா எனக்குச் சந்தோஷம்” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

துருவி தன் தொழிலைக் காட்ட ஆரம்பித்தாள். அலுவலகத்தில் எதுவும் சொல்ல மாட்டார்கள், சரி, ஆனால் எதுவும் செய்யாமல் இருக்க முடியுமா? புதன்கிழமை, படம் வரைகிற பெண் அவசரமாகத் திரையை மூடினாள். மூடுவதற்குள் அரை நொடி. ‘இந்தப் பட்டனை அழுத்தவும்’ என்று கேமுக்குள் வரும் குட்டிப் படங்கள். கறுப்புப் பெட்டியின் பட்டன்களில் புள்ளி இருக்கும், வெள்ளையின் பட்டன்களில் கோடு. திரையில் இருந்தது எல்லாம் புள்ளி.

துருவி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் முதலில் வந்தது, அதுதான் வெட்கக்கேடு. வேலை போய்விட்டது என்பது அதற்குப் பின்னால்தான் வந்தது. கண்டுபிடிப்பதில் அவ்வளவு பைத்தியம்.

அழுதால் தீராது என்று நேரே முதலாளி அறைக்குப் போனாள். “கறுப்புன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு சார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஏன் கறுப்புன்னு மட்டும் சொல்லுங்க.”

கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி இவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று முதலாளி ஒரு கணம் முழித்தார். மறைத்துப் பிரயோஜனமில்லை. “அன்னைக்குச் சொல்லல, ரெண்டு கம்பெனியுமே கேட்டாங்க. தொகையும் ஒண்ணுதான். பாருங்க, வெள்ளையில இன்னும் தீராத பக் எக்கச்சக்கமா இருக்கு. கறுப்புல விரல்விட்டு எண்ணலாம். கறுப்புன்னா மூணு வாரத்துல கேமைக் கொடுத்துடலாம்னு வாக்குக் கொடுத்திருக்கேன். உங்க மேல தப்பே இல்லங்க. அந்தப் பெட்டியில ஓட மாட்டேங்குது, என்ன செய்யறது?”

அந்தப் பெட்டியிலாவது ஓடாததாவது! கோழி இரண்டிலும்தான் பைக்குள் போகிறது. கலங்கரை விளக்கத்துப் படிக்கட்டு இரண்டிலும்தான் ஆளை விழுங்குகிறது. திருத்தியது இரண்டிலும் திருந்தியிருந்தது, திருத்தாமல் கிடந்தது இரண்டிலும் அப்படியே கிடந்தது. வெள்ளை என்று அவள் போட்டதால் வெள்ளையின் தலையில் விழுந்தது, அவ்வளவுதான். கறுப்புப் பெட்டி சுத்தமாக இல்லை, அதன் டெஸ்டர்தான் எழுதவில்லை.

அந்தக் கேம் அப்படியே பெட்டிக் கம்பெனிக்குப் போனால் என்ன ஆகும்? அவர்கள் தங்கள் ஆட்களை வைத்து ஒரு வாரம் உருட்டுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? திருப்பி அனுப்புவார்கள், வாக்குத் தவறியது என்று ஒப்பந்தத்தைக் கிழிப்பார்கள், மூன்றாவது மாடியில் அத்தனை பேரும் தெருவில். இப்போது வாயைத் திறந்தால்? வேலை போகிற ஆத்திரத்தில் கட்டின புருஷனையே காட்டிக் கொடுக்கிறாள் என்பார்கள். இந்தப் பக்கம் போனால் இடி, அந்தப் பக்கம் போனால் உதை.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வைத்து அவரைப் பிடித்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பஸ் வந்து போனது.

“நீ போட்டா ரெண்டுக்கும் சேர்த்துன்னுல்ல நான் இருந்தேன்” என்றார்.

“பக் பட்டியலை ஒரு நாளாவது திறந்து பார்த்தீங்களா? ஒரே ஒரு நாள்? உங்க சோம்பேறித்தனம் ஒரு கம்பெனியையே முழுங்கப் பார்க்குது!”

அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்த முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை. “நான் சொல்றேன். நாளைக்குக் காலையில முதல் வேலையா நானே போய்ச் சொல்றேன்.”

மறுநாள் காலை அவர் முதலாளி அறை வாசலுக்குப் போனார். முதலாளி போனில் இருந்தார், இவர் திரும்பி வந்தார். மதியம் போனார், முதலாளி சாப்பிடப் போயிருந்தார், இவர் திரும்பி வந்தார். இப்படியே வெள்ளிக்கிழமை ஆனது, நிதானத்திடம் நாளையை நம்பினால் இதுதான் கதி. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கறுப்புப் பெட்டிக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்து இறங்கினார். நரைத்த கிராப், தட்டையான செருப்பு, கையில் கையெழுத்துக்கான உறை. வாசலில் நிதானம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். துருவி அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“மேடம், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். உங்க பெட்டியில இந்த கேம் சுத்தமா இருக்குன்னு சொல்லியிருப்பாங்க. இல்ல மேடம். வெள்ளைப் பக்கம் எழுதியிருக்கற பக் அத்தனையும் இதுலயும் இருக்கு. வேணும்னா இப்பவே காட்டறேன்.”

முதலாளி வாயிலிருந்த பேனா மூடி கீழே விழுந்தது.

அந்த அம்மா கோபப்படவில்லை. “காட்டுங்க” என்றார். துருவி கறுப்புப் பெட்டியின் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். கோழியைப் பைக்குள் விட்டாள். படிக்கட்டில் ஆளைத் தொலைத்தாள். மழை பெய்யும்போது படகைப் பாலத்துக்கு அடியில் நிறுத்தினால் பாலத்துக்கு அடியிலும் மழை பெய்வதைக் காட்டினாள். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், கொஞ்ச நேரத்தில் சிறு பிள்ளை மாதிரி “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்று கேட்க ஆரம்பித்தார்.

“எனக்கு அப்பவே உறுத்துச்சு” என்றார் கடைசியில். “குறையே இல்லாத கேம்னு ஒண்ணு கிடையாது. குறை இல்லைன்னா யாரும் பார்க்கலைன்னு அர்த்தம். இது இத்தனையும் நீங்க கண்டுபிடிச்சதா?”

“ஆமா மேடம்” என்றாள் துருவி.

“தேதியை நாலு மாசம் தள்ளிப் போட்டுக்கலாம். நாங்க விட்டா வெள்ளைப் பெட்டிக்காரங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க, எனக்கு இந்தத் தபால்காரி வேணும். ஆனா எங்க பெட்டிக்கு டெஸ்டரா இவங்கதான் உட்காரணும். இதையும் ஒப்பந்தத்துல எழுதிக்கங்க.”

முதலாளி இதற்கு இல்லை என்பாரா? சாய்ந்தால் சாய்கிற பக்கம் என்று தலையை ஆட்டினார். துருவிக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே ஓடி வந்தாள். மாடிப்படியில் நிதானம் உட்கார்ந்திருந்தார். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள். பெட்டி கறுப்பு, ஆனால் உட்காரப் போவது அவள் என்று சொல்லும்போதுதான், அப்படியானால் எழுந்திருக்கப் போவது யார் என்பது அவளுக்கு உறைத்தது. குரல் தானாகத் தேய்ந்தது.

அவர் கொஞ்ச நேரம் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். “நல்லதுதானே” என்றார். “எழுதாதவன் எழுந்திருக்க வேண்டியதுதான். அதுல எனக்கு வருத்தமில்ல.” பிறகு நிமிர்ந்து பார்த்தார். “பாலத்துக்கு அடியில மழை. அதைக் காட்டினியா?”

“காட்டினேன். அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க.”

“அது நான் பார்த்தது. கோழியும் நான்தான். பாதிக்குப் பாதி நான் பார்த்தது. அதைச் சொன்னியா?”

அவள் சொல்லவில்லை. வேண்டுமென்றே மறைக்கவில்லை. கேட்டார்கள், ஆமா என்று வந்துவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஒரே ஒரு ‘ஆமா’வில் துடைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவர் கேட்ட குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. சே, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

“இருங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் படியேறினாள். உள்ளே உறையைப் பிரித்துக் காகிதங்களை மேஜையில் பரப்பியிருந்தார்கள்.

“மேடம், நான் சொன்னது பொய். பாதி அவர் கண்டுபிடிச்சது. என் வீட்டுக்காரர். கறுப்புப் பெட்டி டெஸ்டர். நீங்க சிரிச்சீங்களே, அந்த மழை அவரோடது.”

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இருக்கறது ஒரு இடம்னு சொன்னாங்க. ரெண்டு பேர்ல யாரை வெச்சுக்கறது? நீங்களே சொல்லுங்க.”

கதவு திறந்தே இருந்தது. நிதானம் அவள் பின்னாலேயே ஏறி வந்து நின்றது அவளுக்குத் தெரியும். அவரை என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. நல்ல பெண்டாட்டி என்று பேர் கிடைக்கும். ஆனால் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் நாலு மாசம் கழித்து இதே கூத்து. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இன்னொரு பொய்யைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

“என்னை வெச்சுக்கங்க” என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. “கண்டுபிடிச்சும் வாயைத் திறக்காத மனுஷன் உங்களுக்கு ஆக மாட்டாரு மேடம். எனக்கு ஆவாரு.”

வாசலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, நிதானம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. சிரித்து முடித்துவிட்டு, தன் மேஜையைக் காலி செய்ய அட்டைப்பெட்டி ஏதாவது கிடைக்குமா என்று கேட்கக் கீழே மெத்தைக் கடைக்குப் போனார்.